சிரிக்க வைக்கும் அமானுஷ்யக் காதல் நாவல்கள்: புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ரத்தக்காட்டேரியின் கோரைப்பல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் அவன் என்ன செய்வான்? விடிவதற்குள் ஒரு பல் டாக்டரைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லையென்றால் காயம் தானாகவே ஆறி மூடிக்கொள்ளும், சாகாத ஜென்மம் முழுவதும் ஒற்றைக் கோரைப்பல்லோடுதான் அலைய வேண்டும். அப்படித் தேடிப்போய் ஒரு டாக்டரைப் பிடித்தால், அந்தப் பெண்ணுக்கு ரத்தம் என்றாலே பயம். கெர்லின் ஸ்பார்க்ஸ் 2005-ல் எழுதிய ‘ஹவ் டு மேரி எ மில்லியனர் வாம்பயர்’ இப்படித்தான் தொடங்குகிறது.

நம் ஊர்க் கதைகளில் பேய் பெரும்பாலும் பழிவாங்கத்தான் வரும். மோகினி என்றால் மயக்கி அழிப்பவள். ஆங்கிலத்தில், முக்கியமாக அமெரிக்காவில், 2000-க்குப் பிறகு வேகமாக வளர்ந்த இந்த வகை நாவல்களில் ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், சூனியக்காரி, டிராகன், ஆவி எல்லோரும் காதலிக்க வருகிறார்கள். வந்தவர்கள் வீட்டு வாடகை, வேலை, மாமியார், பல்வலி என்று நம்மைப் போலவே மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஐந்நூறு வயதானவன் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு நிற்பதைப் பார்க்கும்போது அவன் மேல் நமக்குப் பிரியம் வந்துவிடுகிறது. அந்தப் பிரியத்துக்காகத்தான் நான் இவற்றைப் படிக்கிறேன், மற்றவர்களையும் படிக்கச் சொல்கிறேன்.

முதலில்: கையில் இருப்பது எந்த வகை?

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அட்டையில் ரத்தக்காட்டேரியும் ஒரு பெண்ணும் இருந்தால் எல்லாமே காதல் நாவல் என்று நினைத்துவிடுகிறோம். காதல் நாவல் என்று சொல்லிக்கொள்ளும் புத்தகம் வாசகருக்கு இரண்டு வாக்குறுதிகள் தருகிறது. கதையின் மையம் காதல்தான் என்பது ஒன்று. முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தரும் என்பது இன்னொன்று. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கமான ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்காவும் காதல் நாவலை இப்படித்தான் வரையறுத்திருக்கிறது. வாசகர்கள் இந்த இன்பமான முடிவை ‘எச்.இ.ஏ.’ (ஹேப்பிலி எவர் ஆஃப்டர்) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு புத்தகத்தைப் பற்றிய குறிப்பில் இந்த மூன்று எழுத்துகள் இருந்தால் நிம்மதியாகத் தொடங்கலாம்.

பக்கத்து வீட்டு வகை ஒன்று உண்டு. அதற்கு ‘அர்பன் ஃபேன்டஸி’ என்று பெயர். அதிலும் இதே ஆட்கள் வருவார்கள், காதலும் இருக்கும். ஆனால் கதையை நகர்த்துவது ஒரு கொலையோ துப்பறிதலோ சண்டையோதான். சார்லைன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடர் நல்ல உதாரணம். ‘டெட் அன்டில் டார்க்’ (2001) தொடங்கி 2013 வரை 13 நாவல்கள் வந்தன. ‘ட்ரூ பிளட்’ என்ற தொலைக்காட்சித் தொடரும் இதிலிருந்துதான் எடுக்கப்பட்டது. லூசியானாவின் சின்ன ஊர் ஒன்றில் பரிமாறுபவளாக வேலை பார்க்கும் சூக்கியின் குரலில் நகைச்சுவை அள்ளும். ஆனால் அது துப்பறியும் தொடர். அவள் கடைசியில் யாரோடு சேருவாள் என்பதற்கு முதல் புத்தகம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. காதல் நாவலின் கண்ணோடு 13 புத்தகங்களையும் படித்தவர்களில் பலர் கடைசிப் புத்தகம் வந்தபோது கோபப்பட்டார்கள். தாராளமாகப் படியுங்கள், நானும் விரும்பிப் படித்ததுதான். ஆனால் அது என்ன வகை என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

பின்னட்டைச் சுருக்கத்திலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நாயகன், நாயகி இருவரின் பெயரும் வந்து, இருவருக்கும் ஆளுக்கொரு சிக்கல் சொல்லப்பட்டிருந்தால் அது காதல் நாவலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாயகியின் பெயர், அவள் தொழில், ஒரு பிணம் என்று போனால் அது மற்றது.

முதல் புத்தகம் எப்படித் தேர்ந்தெடுப்பது

பலரும் சொல்லும் வழி, பிடித்த உருவத்தைத் தேர்ந்தெடு என்பது: ரத்தக்காட்டேரி பிடிக்குமா, ஓநாய் பிடிக்குமா, சூனியக்காரி பிடிக்குமா? எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த வகையில் சிரிப்பு அன்றாடச் சிக்கலிலிருந்து வருவதால், எந்தச் சிக்கல் உங்களுக்கு நெருக்கம் என்று பாருங்கள்.

பெருநகரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர் என்றால் ஜென்னா லெவினின் ‘மை ரூம்மேட் இஸ் எ வாம்பயர்’ (2023) எடுங்கள். சிகாகோவில் வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்பட்ட ஓவியக்காரி கேஸி. நல்ல வட்டாரத்தில் மாதம் 200 டாலருக்கு ஓர் அறை என்று விளம்பரம் பார்க்கிறாள். அவ்வளவு மலிவு என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று நமக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் வேறு வழியில்லை. கூடத் தங்கியிருப்பவர் பகலெல்லாம் தூங்குகிறார், பழங்காலப் பிரபுவைப் போலப் பேசுகிறார். ஒரு நூற்றாண்டு தூங்கி எழுந்தவருக்கு இன்றைய உலகைச் சொல்லிக்கொடுக்கும் வேலை கேஸியின் தலையில் விழுகிறது. முதல் புத்தகமாக நான் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். கதை நேராகப் போகும், புராணச் சுமை கிடையாது, புத்தகம் அதற்குள்ளேயே முடிந்தும் விடுகிறது.

வேலை போன எரிச்சல் தெரிந்தவர் என்றால் இரண்டு இருக்கின்றன. மேரிஜானிஸ் டேவிட்சனின் ‘அன்டெட் அண்ட் அன்வெட்’ (2004) நாவலின் பெட்ஸி டெய்லருக்கு முப்பதாவது பிறந்தநாளன்று வேலை போகிறது, அன்றைக்கே கார் மோதிச் சாகவும் செய்கிறாள். சவப்பெட்டியில் கண் விழித்தவளுக்கு முதலில் வரும் கோபம் செத்துப்போனதற்காக இல்லை. சித்தி தன்னுடைய விலை உயர்ந்த செருப்புகளைச் சுருட்டிக்கொண்டு, காலில் மட்டமான செருப்பை மாட்டிவிட்டிருக்கிறாளே என்றுதான். மோலி ஹார்ப்பரின் ‘நைஸ் கேர்ள்ஸ் டோன்ட் ஹேவ் ஃபேங்ஸ்’ (2009) நாவலில் வேலை இழந்த நூலகர் ஜேன் ஜேம்ஸன், குடிபோதையில் இருந்த வேட்டைக்காரன் ஒருவன் மான் என்று நினைத்துச் சுட்டுவிட, சாகும் தறுவாயில் ரத்தக்காட்டேரியாக மாற்றப்படுகிறாள். இரண்டில் எனக்கு ஜேன் மேல்தான் பாசம் அதிகம். கென்டக்கியின் சின்ன ஊர், அங்கே எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். செத்துப்போன விஷயத்தைக் குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்ற அவள் தவிப்பு நமக்கு நன்றாகவே புரியும்.

அம்மாவிடம் ஒரு பொய் சொல்லி அதைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொன்ன அனுபவம் இருக்கிறதா? சாரா ஹாலியின் ‘எ விட்ச்ஸ் கைட் டு ஃபேக் டேட்டிங் எ டீமன்’ (2023). மந்திரத்தால் மாவு வரவழைக்கப் பார்த்து, தவறுதலாக ஒரு சைத்தானை வரவழைத்துவிடுகிறாள் மாரியல். அவள் ஆன்மாவைப் பேரம் பேசி வாங்காமல் அவனால் திரும்பிப் போக முடியாது. வீட்டார் கேட்கும்போது ‘இவர் என் காதலர்’ என்று சொல்லி வைக்க, அங்கிருந்து கதை பிடித்துக்கொள்கிறது.

பழைய காதலனைத் திட்டித் தீர்த்த கதை என்றால் எரின் ஸ்டெர்லிங்கின் ‘தி எக்ஸ் ஹெக்ஸ்’ (2021): விளையாட்டாகக் கொடுத்த சாபம் ஒன்பது வருடம் கழித்துப் பலித்தே இருக்கிறது என்று தெரியவருகிறது.

நாம் தனியாகப் பேச வேண்டிய புத்தகம் ‘தி வெரி சீக்ரெட் சொசைட்டி ஆஃப் இர்ரெகுலர் விட்சஸ்’ (2022). எழுதிய சங்கு மந்தண்ணா பெங்களூரில் வளர்ந்து இங்கிலாந்தில் வாழ்பவர். நாயகி மிகா மூன் இந்தியாவில் பிறந்து, பெற்றோரை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்த சூனியக்காரி. சூனியக்காரிகள் ஒன்றாக இருந்தால் ஆபத்து என்று சொல்லிச் சொல்லியே தனிமையில் வளர்க்கப்பட்டவள். மூன்று சின்னப் பெண்களுக்கு மந்திரம் கற்றுக்கொடுக்க ஒரு வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவளை நம்பாத, முசுட்டு முகத்தோடு ஒரு நூலகர். விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும் புத்தகம் இல்லை, மனசை இளக்கும் புத்தகம். ஓர் இடத்துக்கு உரியவளாக ஆக வேண்டும் என்ற ஏக்கத்தை இவ்வளவு மென்மையாகச் சொன்ன நாவல் இந்த வகையில் குறைவு. வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆஷ்லி போஸ்டனின் ‘தி டெட் ரொமான்டிக்ஸ்’ (2022). அப்பா இறந்ததால் ஊருக்கு வருகிறாள் பிறருக்காக நாவல் எழுதிக்கொடுக்கும் ஃபுளாரன்ஸ். குடும்பத் தொழிலே இறுதிச் சடங்கு நடத்துவது. அவளுக்கு ஆவிகள் கண்ணுக்குத் தெரியும். வாசலில் வந்து நிற்கும் ஆவி அவளுடைய புது எடிட்டர். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும், கைக்குட்டை இருக்கட்டும்.

தொடங்கிய பிறகு: விதிகளைக் கவனியுங்கள்

முதல் ஐம்பது பக்கங்களில் அவசரப்படாமல் ஒன்றை மட்டும் பாருங்கள். இந்த உலகத்தின் விதிகள் என்ன? பகலில் வெளியே வரலாமா, சிலுவை சுடுமா, சாதாரண மனிதர்களுக்கு இவர்களைப் பற்றித் தெரியுமா? ஒவ்வோர் ஆசிரியரும் இதை வேறு வேறாக வைத்திருப்பார். பெட்ஸிக்கு மற்ற ரத்தக்காட்டேரிகளை முடக்கும் புனித நீரும் சிலுவையும் ஒன்றும் செய்வதில்லை. அதனாலேயே அவளை ராணி என்று மற்றவர்கள் துரத்துகிறார்கள். ஸ்பார்க்ஸின் உலகத்தில் செயற்கை ரத்தம் கண்டுபிடித்தாயிற்று. அதில் சாக்லேட் கலந்தது, விஸ்கி கலந்தது என்று விதவிதமான பானங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. ரத்தக்காட்டேரிகளுக்குத் தனித் தொலைக்காட்சிச் சேனலே உண்டு.

இந்த விதிகளை அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள். நல்ல நாவலில் காதல் எங்கே முட்டிக்கொள்ளும், எப்படி அவிழும் என்பது இவற்றில்தான் புதைந்திருக்கும். லின்ஸி சாண்ட்ஸின் ஆர்ஜெனோ குடும்பத் தொடரைப் பாருங்கள். அங்கே ரத்தக்காட்டேரிகள், கடலில் மூழ்கியதாகக் கதைகள் சொல்லும் அட்லான்டிஸ் காலத்து விஞ்ஞானத்தால் உருவானவர்கள், உடம்பில் ஓடும் நுண்ணியந்திரங்களுக்குத்தான் ரத்தம் தேவை. யார் மனதையும் படிக்கலாம், யாரையும் ஆட்டிவைக்கலாம். ஒரே ஒருவர் மனதை மட்டும் படிக்க முடியவில்லை என்றால் அவர்தான் ஆயுள் துணை. சூக்கி தொடரில் இதே விஷயம் தலைகீழாக இருக்கிறது. மனிதப் பெண்ணான சூக்கிக்கு எல்லோர் மனதின் இரைச்சலும் கேட்கும், ரத்தக்காட்டேரியின் மனம் மட்டும் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில்தான் அவளுக்கு முதன்முறையாக ஓர் ஆணின் பக்கத்தில் இளைப்பாற முடிகிறது.

இரண்டு ஆசிரியர்களும் சொல்வது ஒன்றுதான். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்போதுதான் காதல் தொடங்குகிறது. எல்லாம் வல்லவன் ஒருவன் ‘உனக்கு என்னைப் பிடிக்குமா?’ என்று சாதாரண மனிதனாகத் திணறும் இடம் வருகிறதே, அதற்காகவே ஆசிரியர் அத்தனை விதிகளையும் கட்டியிருப்பார். அந்த இடம் எப்போது வரும் என்று எதிர்பார்த்துப் படித்தால் சாதாரண நாவல்கூட இரண்டு மடங்கு ருசிக்கும்.

‘ஃபேட்டட் மேட்ஸ்’ என்ற சொல்லை அடிக்கடி பார்ப்பீர்கள். இவனுக்கு இவள் என்று விதியே முடிச்சுப் போட்டுவிட்டது என்று பொருள். ஜாதகப் பொருத்தம் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். இதை நல்ல ஆசிரியர் கையாளும் விதம் ஒன்றுதான்: விதி முடிச்சுப் போட்டாலும் நாயகி ‘நான் இன்னும் சம்மதிக்கவில்லையே’ என்பாள். அந்த இழுபறியில்தான் சுவை. நாயகி வாயே திறக்காமல் விதிக்குத் தலையாட்டிவிட்டால் புத்தகம் சப்பென்று போய்விடும்.

அந்தரங்கக் காட்சிகள் பற்றி

இதை யாரும் புதியவர்களுக்கு நேராகச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. எவ்வளவு வெளிப்படை என்பதை வாசகர்கள் ‘ஸ்பைஸ்’ என்ற அளவால் குறிப்பார்கள். ‘க்ளோஸ்ட் டோர்’ என்றால் கதவு சாத்தியதோடு காட்சி முடிந்துவிடும், ‘ஓப்பன் டோர்’ என்றால் முடியாது.

அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2000-களின் புத்தகங்களில் சட்டையில்லாத ஆண் இருப்பான், உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். இப்போது வருபவை பளிச்சென்ற நிறத்தில், கார்ட்டூன் படத்தோடு, பள்ளிப் பிள்ளைகளின் கதைப்புத்தகம் மாதிரி இருக்கின்றன. ஹாலியின் புத்தகத்தின் அட்டை அப்படித்தான், உள்ளே மிகவும் வெளிப்படை. ‘டெட் ரொமான்டிக்ஸ்’ அடக்கமானது. மந்தண்ணாவின் நாவலில் பிற்பகுதியில் ஒரு காட்சி வரும், விருப்பமில்லையென்றால் அதைத் தாண்டிப் போகலாம், கதை விட்டுப்போகாது. வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள்.

தொடர்களை எந்த வரிசையில் படிப்பது

தொடர்கள் இரண்டு விதம். ஒன்று, ஒரே ஜோடியைப் புத்தகத்துக்குப் புத்தகம் தொடர்வது. பெட்ஸியும் ஜேனும் இப்படி. கேட்டி மெக்கலிஸ்டரின் ‘யூ ஸ்லே மீ’ (2004) நாவலில் பாரிஸில் தொடங்கும் ஐஸ்லிங் கிரேயின் டிராகன் கதையும் இப்படித்தான். அதில் ஜிம் என்ற சைத்தான் பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாயின் உருவத்தில் வாயாடிக்கொண்டே கூட வரும், அதற்காகவே படிக்கலாம். இந்த விதத்தில் முதல் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே குடும்பம் அல்லது கூட்டம், புத்தகத்துக்கு ஒரு புது ஜோடி. ஸ்பார்க்ஸின் தொடரில் 16 நாவல்கள். சாண்ட்ஸின் தொடர் 30-ஐத் தாண்டிவிட்டது. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம், எதை எடுத்தாலும் ஒரு முழுக் காதல் கதை கிடைக்கும். சாண்ட்ஸில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. முதலில் வெளியானது ‘சிங்கிள் ஒயிட் வாம்பயர்’ (2003). கதைக்காலப்படி அதற்கு முன்னால் வருவது 2005-ல் வெளியான ‘எ க்விக் பைட்’. அதில் நாயகி ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் ரத்தக்காட்டேரி. மகளின் மயக்கத்தைக் குணப்படுத்த அவள் அம்மா ஒரு மனநல நிபுணரைக் கடத்திக்கொண்டு வருகிறாள். என் கருத்தில் ‘சிங்கிள் ஒயிட் வாம்பயர்’தான் முதலில். தன் குடும்ப வரலாற்றை உள்ளபடி எழுதி அனுப்புகிறான் ரத்தக்காட்டேரி லூசர்ன். அதைப் பதிப்பகம் ரத்தக்காட்டேரிக் காதல் நாவல்களாக விற்றுப் பிரபலமாக்கிவிட்டது, வாசகர்களைச் சந்திக்க வா என்று எடிட்டர் கேட் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறாள். இந்த வகை நாவல்களை ஆசையாகப் படிக்கும் கூட்டத்தையும் ஆசிரியர் உள்ளே கொண்டுவந்து வைத்திருப்பது தனி அழகு.

பழைய புத்தகங்களை எடுக்கும்போது

2000-களின் நாவல்களில் இன்றைக்கு உறுத்தும் இடங்கள் இருக்கும். நாயகன் நாயகியின் மனதைக் கட்டுப்படுத்தும் காட்சிகள், உடல்பருமனை வைத்த கிண்டல்கள், ‘வேண்டாம்’ என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாத முரட்டுத்தனம். நான் அவற்றுக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். பிடிக்கவில்லையென்றால் மூடி வைத்துவிடுங்கள். 2020-க்குப் பிறகு வந்தவற்றில் சம்மதம் கேட்பதே காதல் காட்சியின் ஒரு பகுதியாக ஆகியிருக்கிறது, அதுவும் இயல்பாக. அதனால்தான் முதல் இரண்டு மூன்று புத்தகங்கள் புதியவையாக இருக்கட்டும் என்கிறேன். பிடித்துப்போன பிறகு பழையவற்றுக்குப் போனால், கேலி எங்கே தொடங்கியது என்று பார்க்கும் ஆர்வம் துணைக்கு வரும்.

எங்கே வாங்குவது, எப்படிப் படிப்பது

கிண்டிலில் முதல் சில பக்கங்களை இலவச சாம்பிளாக இறக்கிப் படிக்கலாம். நகைச்சுவை ஒத்துப்போகிறதா என்று கண்டுபிடிக்க அது போதும். அந்த சாம்பிளில் ஒரு தடவைகூடச் சிரிப்பு வரவில்லையென்றால் வேறு எடுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் தேசிய நூலகத்தின் உறுப்பினர் கணக்கோடு லிபி செயலியில் மின்னூல்களை இரவல் வாங்கலாம். ஸ்பார்க்ஸ், சாண்ட்ஸ் காலத்துச் சிறிய பேப்பர்பேக்குகள் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு, கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஆங்கிலத்தில் படிப்பது மெதுவாக இருக்கிறதே என்று தயங்குபவர்களுக்கு: இவை பெரும்பாலும் உரையாடலால் நகர்பவை, வாக்கியங்கள் சின்னவை. அமெரிக்கச் செருப்புக் கம்பெனி, டிவி நிகழ்ச்சி, துரித உணவுக்கடை என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் தேடிக்கொண்டிருந்தால் சிரிப்பு ஆறிப்போகும், அப்படியே விட்டுவிட்டு மேலே போங்கள். பேச்சு ஆங்கிலம் நன்றாகப் புரிபவர்கள் ஒலிநூலாகக் கேட்டுப் பாருங்கள். நாயகியே கதை சொல்வதாக எழுதப்பட்ட ஜேன், பெட்ஸி, கேஸி மாதிரியான நாவல்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். பஸ்ஸில் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிடும் அபாயம் மட்டும் இருக்கிறது.

முதல் புத்தகம் முடிந்ததும்

கேஸியின் அறைத்தோழர் பிடித்திருந்தால் அடுத்து ஜேன் ஜேம்ஸன், அப்புறம் சாண்ட்ஸ். மிகா மூன் பிடித்திருந்தால் ‘எக்ஸ் ஹெக்ஸ்’. சூனியக்காரிகளும் சின்ன ஊரும் அதில் தொடரும், குறும்பு கொஞ்சம் கூடும். ஃபுளாரன்ஸ் உங்களை அழ வைத்திருந்தால் உடனே இன்னொரு ஆவிக் கதைக்குப் போகாதீர்கள், நடுவில் பெட்ஸியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே தொடரில் வரிசையாக நான்கைந்து படித்தால் நகைச்சுவையின் அச்சு தெரிய ஆரம்பித்துவிடும், ஐந்தாவது நாயகனின் பிடிவாதம் முதல் நாயகனுடையதைப் போலவே இருக்கும். சாண்ட்ஸின் 30 நாவல்களில் நான் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வேறு ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொள்வேன். மறுபடி அந்தக் குடும்பத்துக்குள் போகும்போது, வெகுநாள் கழித்துச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன மாதிரி, போன புத்தகத்தின் ஜோடி ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.